புள்ளி தெரியாத திரை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கு நடந்து போகிற தூரம்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று காலை எட்டு மணிக்கே வாசலில் ஆள் நிற்கும். பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுபோனது, பக்கத்து மனைக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று ஆளுக்கொரு குறை. அவர்கள் சொல்லச் சொல்ல சித்தப்பா மனு அடிப்பார். தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவர். அவர் விரல் ஓடுகிற வேகத்துக்குச் சொல்கிறவர்தான் மூச்சு வாங்க வேண்டும்.

அந்தக் கடைக் கணினிக்கு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான லினக்ஸை நான் போட்டுக் கொடுத்ததும், போட்ட பிறகு ரெசல்யூஷன், அதாவது திரையின் பட அளவு, சரியாக வராமல் இரண்டு நாள் மல்லுக்கட்டியதும்தான் இந்தப் பதிவு. புதிதாக லினக்ஸ் போடுகிற யாருக்கும் இது நேரலாம். தேடினால் நாலு கட்டளை உடனே கிடைக்கும், அவை வேலையும் செய்யும். நானும் அவற்றைத்தான் முதலில் அடித்தேன். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்று பார்த்த பிறகு, அந்தக் கட்டளைகளுக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணினி 2012 தீபாவளிக்கு வாங்கியது. அதற்கு முந்தையது, 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரை கடந்தபோது கடைக்குள் வந்த தண்ணீரில் போய்விட்டது. இது மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், இருபது அங்குல மானிட்டர். இடையில் ஒரு எஸ்எஸ்டி மாற்றியதோடு சரி, பதின்மூன்று வருடமாக ஒரு நாள்கூட வேலைக்கு மக்கர் செய்ததில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இரண்டும் இந்தக் கணினிக்கு இல்லை. நன்றாக ஓடுகிற வண்டியைத் தூக்கிப் போட சித்தப்பாவுக்கு மனசு வரவில்லை, எனக்கும்தான். லினக்ஸ் மின்ட் 22.2, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரைமுகப்புள்ள பதிப்பு என்று முடிவு செய்தோம். 2029 வரை அப்டேட் வரும், 4 ஜிபி ராமில் மூச்சுத் திணறாது.

ஒரு சனிக்கிழமை மாலை கடையடைத்ததும் சிபியுவை மட்டும் வண்டியில் வைத்துக் கட்டி, புதுச்சேரி முதலியார்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். முள்ளோடை தாண்டும்போது தூறல் பிடித்துக்கொண்டது. மழைக்கோட்டைக் கழற்றிச் சிபியுவுக்குப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே வந்தேன். இரவில் என் மானிட்டரில் மாட்டி, பென்டிரைவிலிருந்து மின்ட் ஏற்றினேன். அரை மணி நேரம்தான். எல்லாம் பளிச்சென்று வந்தது. தமிழ் எழுத்துரு, சித்தப்பா பழகிய தட்டச்சு விசைப்பலகை முறை, பிரின்டர், ஸ்கேனர் எல்லாவற்றையும் ஞாயிறு மதியத்துக்குள் சரிபார்த்துவிட்டு, மறுபடி வண்டியில் கட்டிக் கடலூர் கொண்டுபோனேன்.

கடையில் மேஜைக்கு அடியில் தவழ்ந்து கேபிள்களைச் செருகி, சுவிட்சைப் போட்டால், திரையில் எல்லாமே வீங்கிப்போய் வந்தது. ஐகான்கள் அகலம் அகலமாக. எழுத்தெல்லாம் மிதிபட்டு நசுங்கிய மாதிரி.

"என்னப்பா, எழுத்தெல்லாம் இப்படிக் குண்டாயிட்டுது?" என்றார் சித்தப்பா.

அவர் சொன்னது மிகச் சரியான வர்ணனை. அந்த மானிட்டரின் கண்ணாடிக்குப் பின்னால் குறுக்கே 1600, நெடுக்கே 900 என்று பிக்சல்கள் என்ற நுண்ணிய கட்டங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்ட கணக்கு, கூடாது குறையாது. ஆனால் லினக்ஸ் அனுப்பியது 1024-க்கு 768 என்ற படம். மானிட்டர் அதை இழுத்துத் தன் முழு அகலத்துக்கும் விரித்துக்கொள்கிறது. குறுக்கே 1.56 மடங்கு, நெடுக்கே 1.17 மடங்கு. அதாவது வட்டமாக இருக்க வேண்டியது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடும். தமிழ் எழுத்தில் வட்டமும் சுழியும்தான் அதிகம். அதனால்தான் எல்லாமே குண்டாகத் தெரிந்தது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தேன். 1024, 800, 640 என்று சில அளவுகள்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. (சின்ன ரெசல்யூஷனில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு விஷயம். சில பெட்டிகளின் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே போய், 'அப்ளை' பொத்தான் கண்ணிலேயே படாது. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பெட்டியை எங்கே வேண்டுமானாலும் பிடித்து மேலே இழுக்கலாம்.)

நாளைக்குத் திங்கட்கிழமை. சரி, இன்றைக்கு இப்படியே ஓட்டலாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். அப்போது பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மறுநாளுக்கு மனு அடிக்க வந்தார். பட்டா பெயர் மாற்றம். சித்தப்பா உட்கார்ந்து அடித்தார். மனு அடிக்கும் மென்பொருளான ரைட்டரில் வலப்பக்கம் பட்டை ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டதால், பக்கம் முழு அகலமும் தெரிவதற்காக 70 சதவீதத்துக்குக் குறைத்துக்கொண்டார். பிரின்ட் வந்தது. கையில் வாங்கிப் படித்தவர் அப்படியே நின்றார். 'பட்டா' என்று இருக்க வேண்டிய இரண்டு இடங்களில் 'படடா' என்று இருந்தது. சித்தப்பா காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். முப்பது வருடத் தொழிலில் புள்ளி விட்டு அடித்தவர் இல்லை அவர். "புள்ளி படுத்துக்குதுடா, கண்ணுக்கே தெரியல" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் எனக்கு வலித்தது. அவர் கண்ணில் கோளாறு என்று அவரே நினைத்துவிட்டார் என்பது தெரிந்தது.

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கணக்கைப் பாருங்கள். 12 பாயின்ட் எழுத்து, வழக்கமான 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 பிக்சல்) கணக்கில், திரையில் 16 பிக்சல் உயரம். 70 சதவீதத்துக்குக் குறைத்தால் பதினொன்று. அந்தப் பதினொன்றுக்குள்தான் ணகரத்தின் மூன்று சுழியும் அடங்க வேண்டும், தலைக்கு மேலே புள்ளியும் நிற்க வேண்டும். புள்ளிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே ஒரு பிக்சல். அந்த ஒன்றை மானிட்டர் ஒன்றரையாக இழுக்கிறது. பாதிப் பிக்சல் என்று ஒன்று கண்ணாடியில் கிடையாது. ஆகவே கறுப்பாக இருக்க வேண்டிய ஒரு புள்ளியை, வெளிறிய சாம்பலாக இரண்டு பிக்சலுக்குப் பங்குபோட்டுவிடுகிறது. வெள்ளைத் தாளில் அந்தச் சாம்பல் கரைந்துபோகிறது. ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் மேல்புள்ளி தெரியாவிட்டால் படிக்கிறவருக்கு ஒன்றும் குறையாது. தமிழில் புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடும், சொல்லே வேறாகிவிடும். அதுவும் சித்தப்பா அடிப்பது புள்ளியைத் தனி விசையாக அடிக்கிற பழைய தட்டச்சு முறை. புள்ளி விழுந்ததா இல்லையா என்று கண்தான் சொல்ல வேண்டும். ரெசல்யூஷன் என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் சந்தேகம் டிரைவர், அதாவது கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருள். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் தோன்றும், பல கணினிகளில் இதுதான் காரணமாகவும் இருக்கும். என்விடியா கார்டு இருந்தால் மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்து பார்ப்பதுதான் முதல் வேலை. இன்டெலுக்கு அந்த வேலை கிடையாது. டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடே வருகிறது. இன்க்ஸி என்ற கட்டளை எந்த டிரைவர் ஓடுகிறது என்று காட்டும். அதில் எல்எல்விஎம்பைப் என்று வந்தால் கிராஃபிக்ஸ் வேலையையும் பிராசசரே இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எனக்கு ஐ915 என்று வந்தது. இன்டெலின் சரியான டிரைவர் அதுதான்.

அடுத்த சந்தேகம் நோமோட்செட். இன்ஸ்டால் பண்ணும்போது திரை கறுத்துப்போனால், 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தோ, கையால் எழுதியோ இந்தச் சொல்லைக் கெர்னலுக்குக் கொடுப்பார்கள். திரையளவைத் தீர்மானிக்கும் வேலையை நீ தொடாதே என்று கெர்னலிடம் சொல்கிற சொல் அது. அவசரத்துக்கு உதவும். ஆனால் இன்ஸ்டால் முடிந்த பிறகும், கணினியைத் துவக்கும் க்ரப்பின் அமைப்புக் கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் வேலையே செய்யாது, ரெசல்யூஷன் ஒரே அளவில் உறைந்து நிற்கும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அப்டேட்-க்ரப் கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். பார்த்தேன், என்னிடம் அதுவும் இல்லை.

அப்புறம்தான் எக்ஸ்ரேண்டர் அடித்தேன். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்று ஆறு எழுத்து. திரைகளைப் பற்றிக் கணினிக்குத் தெரிந்ததையெல்லாம் அது ஒப்பிக்கும். விஜிஏ-1 (மானிட்டர் கேபிளைச் செருகும் வாய்) இணைக்கப்பட்டிருக்கிறது, 1024-க்கு 768 என்று சொல்லிவிட்டு, அதே வரியின் கடைசியில் 0 மிமீ, 0 மிமீ என்று போட்டிருந்தது. மானிட்டரின் அகலமும் உயரமும் வர வேண்டிய இடம் அது. இருபது அங்குல மானிட்டர் முன்னால் நிற்கிறது, கணினிக்கு அது பூஜ்யம் மில்லிமீட்டர்.

அந்தப் பூஜ்யத்தில்தான் பதில் இருந்தது. ஆனால் மணி ஒன்பதாகிவிட்டது, காலையில் கடை திறக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். நானே கணக்குப் போட்டு, இந்த மானிட்டர் 1600-க்கு 900, நம்பு என்று கணினியிடம் சொல்கிற வழி.

அதற்கு சிவிடி என்ற கட்டளை. சிவிடி, 1600, 900, 60 என்று அடித்தால் ஒரு வரி கிடைக்கும்: 118.25, பிறகு 1600, 1696, 1856, 2112, பிறகு 900, 903, 908, 934. மந்திரம் மாதிரி இருந்தாலும் எளிய கணக்குதான். குறுக்கே படம் 1600 பிக்சலில் முடிந்துவிடுகிறது, ஆனால் ஒரு வரி 2112 வரை நீள்கிறது. மீதி வெற்றிடம். பழைய சிஆர்டி மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை வரியின் கடைசிவரை போய், மறுபடி இடது ஓரத்துக்குத் திரும்பி வர நேரம் வேண்டும். அந்த நேரத்துக்காக விட்ட இடம் அது. கற்றை போய்விட்டது, இடைவெளி இன்னும் இருக்கிறது. நெடுக்கேயும் அப்படித்தான், 900 வரி படம், மொத்தம் 934. 2112-ஐ 934-ஆல் பெருக்கி, நொடிக்கு அறுபது தடவை என்று பெருக்கினால் பதினொரு கோடியே எண்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம் வரும். முதலில் இருக்கும் 118.25 என்பது அதுதான், மெகாஹெர்ட்ஸில், கொஞ்சம் முழுமையாக்கியது. (பதினெட்டரை அங்குல மானிட்டர் வைத்திருப்பவர்கள் 1366 என்று கொடுத்தால் சிவிடி 1368 என்று திருப்பித் தரும். பயப்பட வேண்டாம். அது எட்டின் மடங்காகத்தான் கணக்குப் போடும், 1366 எட்டால் வகுபடாது.)

அந்த வரியை எக்ஸ்ரேண்டரின் நியூமோட் கட்டளைக்குக் கொடுத்து, ஆட்மோட் கட்டளையால் விஜிஏ-1-உடன் சேர்த்து, அவுட்புட் கட்டளையால் மாற்றினேன். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பியபோது எழுத்தெல்லாம் ஒல்லியாக, கூர்மையாக நின்றது. ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும் என்பதால் மூன்று கட்டளைகளையும் வீட்டு அடைவில், லாகின் செய்ததும் ஓடுகிற எக்ஸ்புரோஃபைல் கோப்பில் எழுதி வைத்தேன். இது எக்ஸ் என்ற பழைய திரை முறைக்கான வழி. உபுண்டுவின் புதிய பதிப்புகள் போல வேலேண்ட் என்ற புதிய திரை முறையில் ஓடுகிற கணினிகளில் இது நடக்காது. உபுண்டு 25.10 பதிப்பில் க்னோம் என்ற திரைமுகப்புக்கு எக்ஸ் செஷனே கிடையாது. அங்கே க்ரப் அமைப்பில், கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் வீடியோ என்று போட்டு, எந்த வாய், எந்த அளவு என்று எழுத வேண்டும். அது எக்ஸிலும் செல்லும்.

திங்கட்கிழமை வேலை நடந்தது. சித்தப்பா இருபதுக்கு மேல் மனு அடித்தார், புள்ளி எதுவும் விழாமல் போகவில்லை. ஆனால் எனக்கு மூன்று விஷயம் உறுத்தியது. லாகின் திரை இன்னும் குண்டாகத்தான் வந்தது. படம் முழுவதும் ஒரு நூல் இடது பக்கம் தள்ளி, வலது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், இதே சிபியு என் வீட்டில் என் மானிட்டரில் தானாகவே சரியான அளவைக் கண்டுபிடித்ததே? அங்கே நான் எந்தக் கட்டளையும் அடிக்கவில்லை. கணினி மாறவில்லை, லினக்ஸ் மாறவில்லை. மாறியது மானிட்டரும் கேபிளும். ஞாயிறு மாலையே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு மானிட்டரைச் செருகியதும் அதன் அளவு கணினிக்கு எப்படித் தெரிகிறது? மானிட்டருக்குள் சின்ன நினைவகம் ஒன்று இருக்கிறது. அதில் 128 பைட். நான் யார் தயாரித்தது, எந்த ஆண்டு, எந்த வாரம், எத்தனை சென்டிமீட்டர், எனக்குப் பிடித்த அளவு எது என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஈடிஐடி என்று பெயர். திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பு 1994-இல் கொண்டுவந்த முறை. விஜிஏ வாய் அதைவிடப் பழசு, 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்தது. ஈடிஐடி வருவதற்கு முன்னால் மானிட்டரோடு வந்த புத்தகத்தைத் தேடி, கிடைமட்ட அதிர்வெண், செங்குத்து அதிர்வெண் எல்லாம் பார்த்து நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு இரவு நான் செய்தது ஏறக்குறைய அந்தக் காலத்து வேலைதான்.

அந்த 128 பைட் வரவில்லையென்றால் லினக்ஸ் கெர்னல் பொதுவான அளவுகளின் பட்டியலை எடுத்து, 1024-க்கு 768-ஐத் தாண்டாததை மட்டும் கொடுக்கும். அளவு தெரியாத மானிட்டரை அதிக வேகத்தில் ஓட்டுவது ஆபத்து, பழைய சிஆர்டி கெட்டே போய்விடும். அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆகவே புதிதாகப் போட்ட லினக்ஸில் 1024-க்கு மேல் அளவே இல்லையென்றால், டிரைவரும் சரியாக இருந்தால், முதலில் வர வேண்டிய சந்தேகம் மானிட்டர் பேசவில்லை என்பதுதான்.

பேசுகிறதா என்று பார்ப்பது சுலபம். சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம், அதற்குள் விஜிஏ-1 என்று முடியும் அடைவில் ஈடிஐடி என்றே ஒரு கோப்பு இருக்கும். கோப்புப் பட்டியலில் அதன் அளவைப் பார்க்காதீர்கள், அங்கே எப்போதும் பூஜ்யம்தான் காட்டும். உள்ளடக்கத்தைப் படித்து எண்ண வேண்டும். டபிள்யூசி கட்டளைக்கு சி என்ற தெரிவைச் சேர்த்து எண்ணினேன். 0.

சிபியுவையும் மானிட்டரையும் அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் மேஜைக்கு அடியில் போய் விஜிஏ கேபிளைக் கழற்றினேன். நீல வாய், மூன்று வரிசையாகப் பதினைந்து பின். அகலமான பக்கம் மேலே வருமாறு பிடித்து, முன்னாலிருந்து பார்க்க வேண்டும். மேல்வரிசையில் இடமிருந்து முதல் மூன்று பின்னும் சிவப்பு, பச்சை, நீலம். படத்தின் நிறம் முழுவதும் அந்த மூன்றில்தான் போகிறது. நடுவரிசையில் நாலாவது பின் இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம், ஒன்பதாம் எண் பின் அது, பல கேபிள்களில் வைக்கவே மாட்டார்கள். கீழ்வரிசை 11 முதல் 15 வரை. அதில் நடுவில் இருக்கும் 13-உம் 14-உம் வரி எங்கே தொடங்குகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தாளம் போடுபவை. மானிட்டரின் 128 பைட் வந்து சேர்வது 12-ஆம் பின்னில். 15-ஆம் பின் அதற்குக் கடிகாரம்.

12-ஆம் பின் மடங்கிப் படுத்திருந்தது. கீழ்வரிசையில் இடமிருந்து இரண்டாவது. மற்ற பின்களெல்லாம் நேராக நிற்க, அது மட்டும் பக்கவாட்டில் சாய்ந்து அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஞாயிறு மாலை இருட்டில் வாய் சரியாகப் பொருந்தும் முன் நான் அழுத்தியிருக்கிறேன். நிறம் தருகிற பின்கள் சரி, தாளம் போடுகிற பின்கள் சரி. ஆகவே படம் குறையில்லாமல் வந்தது. மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்கிற ஒரே பின் மட்டும் கணினியைத் தொடவில்லை. இப்படிப் படம் நன்றாக வருவதால்தான் கேபிளின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. விலை குறைந்த சில கேபிள்களில் இந்தப் பின்களுக்கு உள்ளே கம்பியே இருக்காது. ஒரு கணினிக்கு இரண்டு மானிட்டர் போடும் சில பிரிப்பான்களும் இந்தத் தகவலைக் கடத்துவதில்லை.

சித்தப்பாவிடம் தீர்ந்துபோன பால்பாயின்ட் ரீஃபில் ஒன்று கேட்டேன். முனையைக் கழற்றி எறிந்துவிட்டால் மெல்லிய குழாய் மிஞ்சும். மடங்கிய பின்னின் நுனியைக் குண்டூசியால் கொஞ்சம் தூக்கி, குழாயை அதன்மேல் நுழைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாக நிமிர்த்தினேன். குறடு போட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் அடியில் ஒடிந்துவிடும். நிமிர்ந்தது. எக்ஸ்புரோஃபைலில் நான் எழுதிய மூன்று வரிகளையும் அழித்தேன். செருகி, திருகாணியைக் கையால் இறுக்கி, சுவிட்சைப் போட்டேன்.

லாகின் திரையே ஒல்லியாக வந்தது. உள்ளே போய் மறுபடி எண்ணிப் பார்த்தேன். 128.

எக்ஸ்ரேண்டர் இப்போது 443 மிமீ, 249 மிமீ என்றது. இருபது அங்குலத்துக்குச் சரியான கணக்கு. 1600-க்கு 900 பக்கத்தில் கூட்டல் குறி, அதாவது மானிட்டரே விரும்பிக் கேட்கிற அளவு. அது தந்த நேரக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வரிக்கு 1800, படத்துக்கு 1000, நொடிக்கு 60. பெருக்கினால் கூடாமல் குறையாமல் பத்துக் கோடியே எண்பது லட்சம், 108 மெகாஹெர்ட்ஸ். நான் ஊகித்துக் கொடுத்தது 118.25. படம் ஒரு நூல் தள்ளி நின்றதற்குக் காரணம் அந்த வித்தியாசம்தான். வலது ஓரத்துக் கறுப்புக் கோடு இப்போது இல்லை.

அந்த 128 பைட்டையும் எண்களாக விரித்துச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். முதல் எட்டு எந்த மானிட்டரிலும் ஒன்றுதான்: ஒரு பூஜ்யம், ஆறு 255, மறுபடி ஒரு பூஜ்யம். வந்தது ஈடிஐடிதான் என்று அடையாளம் காட்டும் முகப்பு அது. 128 எண்களையும் கூட்டினால் 256-ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் வழியில் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். முகப்புக்குச் சற்றுப் பின்னால் தயாரித்த வாரமும் ஆண்டும் இருக்கும். ஆண்டை 1990-இலிருந்து எண்ணுவார்கள். 22 என்று இருந்தது, அதாவது 2012. வாரம் 34.

"34-வது வாரம்னா ஆகஸ்ட் கடைசி. ஆவணியில பொறந்திருக்கு," என்றார் சித்தப்பா. தீபாவளிக்குக் கடைக்கு வந்திருக்கிறது.

வேலை முடிந்தது என்று நினைத்து எழுந்தேன். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "கூர்மையா இருக்கு, ஆனா பொடிசா இருக்கே. நேத்து மாதிரி பெருசா வைக்க முடியாதா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அறுபதைத் தாண்டியவர், நாள் முழுக்க இதைத்தான் பார்க்கப் போகிறார். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். எழுத்து பெரிதாக வேண்டும் என்பதற்காக ரெசல்யூஷனையே குறைத்துவிடுகிறார்கள். நான் பார்த்த எத்தனையோ மேஜைகளில், வயதானவர்கள் உட்காரும் கணினிகள் இப்படித்தான் இருக்கின்றன. எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கும். யாருக்குத் தெளிவு அதிகம் வேண்டுமோ அவருக்குத்தான் மங்கலைக் கொடுக்கிறோம். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எழுத்தின் அளவுக்குத் தனி இடம் இருக்கிறது, அங்கே கை வைக்க வேண்டும்.

எக்ஸ்எஃப்சிஇ-இல் செட்டிங்ஸ், அப்பியரன்ஸ், அதில் ஃபான்ட்ஸ். கீழே கஸ்டம் டிபிஐ என்று ஒரு கட்டம். அதில் டிக் வைத்து 96-ஐக் கூட்டினால் மெனு, கோப்புப் பெயர், பொத்தான் எல்லாவற்றிலும் எழுத்து பெரிதாகும். பிக்சல் எதுவும் இழுபடாது, ஒவ்வொரு எழுத்தும் பெரிய அளவில் புதிதாக வரையப்படும். புள்ளிக்கும் கூடுதல் பிக்சல் கிடைக்கும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தேன். அதே இடத்தில் ஹின்டிங் (எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்துவது) என்பதை ஸ்லைட்டில் வைத்தேன். ஃபுல் வைத்தால் ஆங்கிலத்துக்கு நன்றாக இருக்கலாம், தமிழின் வளைவுகளைக் கட்டம் கட்டமாக முறிக்கிறது.

நான் ஒவ்வொன்றாகக் கூட்டினேன், அவர் நாற்காலியில் வழக்கம்போலச் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார். 100. "இன்னும்." 104. "இன்னும் கொஞ்சம்." 112-இல் கையைக் காட்டினார். "போதும், விடு."

அப்புறம் ரைட்டரைத் திறந்தார். இப்போது திரை 1600 அகலம் என்பதால், வலப்பக்கப் பட்டை இருக்கும்போதே பக்கம் 100 சதவீதத்தில் முழுசாக விரிந்தது. 'பட்டா' என்று அடித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்தார். டகரத்தின் தலைக்கு மேலே விரல் நுனியைக் கொண்டுபோனார்.

"இதோ நிக்குது பாரு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசலில் குடையோடு நின்ற அம்மாளை உள்ளே வரச் சொன்னார்.